ஜீப்புக்கு என்ன தண்ணி ஊத்துற, தம்பி?

பழைய 540 ஜீப் வாங்கி, பெயின்ட் அடிச்சு, சீட்டுக்கு ரெக்ஸின் தச்சு, கொல்லிமலையில இருந்து மிளகும் அன்னாசியும் இறக்கப் போறேன்னு நீ சொன்னப்போ சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ரேடியேட்டர் எப்படி இருக்குன்னு கேட்டதுக்கு மட்டும், "தினமும் காலைல ஒரு சொம்பு ஊத்துறேன்க்கா, ஓடுது"ன்னு முடிச்சுட்ட. என்ன தண்ணின்னு கேட்டா, தோட்டத்து போர் தண்ணி. ரெண்டு பதிலும் எனக்குப் பிடிக்கல. ஃபோன்ல சொன்னா பாதி காதுல ஏறாது, அதான் எழுதுறேன்.

முதல்ல அந்தச் சொம்பு. நல்லா இருக்கிற வண்டிக்கு தினமும் தண்ணி ஊத்த வேண்டிய வேலையே இல்ல. உள்ள போன தண்ணி மாசக்கணக்கா அப்படியே நிக்கணும். குறையுதுன்னா எங்கயோ ஒழுகுது, இல்ல கொதிச்சு வெளிய போகுது, இல்ல இன்ஜினே குடிக்குது. உப்புத்தண்ணியை ஒரு தடவை ஊத்தி மூடிட்டா, அதுல இருக்கிற சுண்ணாம்பு ஒரு தடவை படியும், அத்தோட தீர்ந்தது. நீ தினமும் ஊத்துறப்போ தினமும் புதுச் சுண்ணாம்பை உள்ள அனுப்புற. தண்ணி ஆவியாப் போயிடும், சுண்ணாம்பு போகாது. வருஷம் முழுக்க ஊத்தின சொம்பையெல்லாம் கணக்கு போட்டுப் பாரு.

நம்ம ரேடியேட்டர் பட்டறைல மாமா ஈயத்தை உருக்கி மேல் டேங்கைக் கழட்டுறப்போ ஒரு தடவை வந்து பக்கத்துல நின்னு பாரு. வரிசையா இருக்கிற டியூப் வாய்ல பாதிக்கு மேல வெள்ளையும் காவியும் கலந்து அடைச்சிருக்கும். கொண்டை ஊசியால குத்தினாலும் உள்ள போகாது. வீட்ல வாட்டர் ஹீட்டர் காயில்ல படியுற அதே வெள்ளைதான், இங்க இன்ஜின் துரு கலந்து செங்கல் நிறத்துக்கு வந்திருக்கும். கீழ் டேங்கைத் திருப்பிக் கொட்டினா ஈரக் களிமண் மாதிரி ஒரு வண்டல் விழும். வண்டிக்காரர் பக்கத்துலயே நின்னு, "போன வாரம்கூட தண்ணி மாத்தினேனே"ம்பார். மாத்தினது பொய்யில்ல. மாத்தினதும் போர் தண்ணிதான்.

நம்ம கண்ணுக்குத் தெரியுறது ரேடியேட்டர். அதைவிட மோசமான இடம் ஹெட். கால்சியம் சூடு ஏற ஏறத்தான் தண்ணியை விட்டுப் பிரிஞ்சு ஒட்டும். அதனால எங்க சூடு அதிகமோ, அதாவது ஹெட்டுக்குள்ள எக்ஸாஸ்ட் வால்வைச் சுத்தி, அங்கதான் முதல்ல படியும். அந்தப் படிவு சூட்டைக் கடத்துறதுல இரும்பைவிட பல மடங்கு மந்தம். மீட்டர்ல முள்ளு நடுவுல நிக்கும், ஹெட்டுக்குள்ள அந்த ஒரு இடம் மட்டும் வெந்துக்கிட்டிருக்கும். கடைசில ஹெட் கிராக்குன்னு மெக்கானிக் சொல்றப்போ, "ஹீட்டே காட்டலையே"ன்னு நீ நிப்ப.

உன் வண்டில இருக்கிற பியூஜோ எக்ஸ்.டி.பி. 4.90 இன்ஜின், 2112 சிசி, பழைய காலத்து முன்னறை வகை. டீசல் முதல்ல ஒரு சின்ன அறையில பத்திக்கிட்டு, அப்புறம்தான் சிலிண்டருக்குள்ள பாயும். சத்தம் கொஞ்சம் மெத்துன்னு இருக்கும். ஆனா நேரடி இன்ஜெக்ஷன் வண்டியைவிட இந்த வகை தண்ணிக்குள்ள அதிகச் சூட்டைத் தள்ளும். பொதுவாவே எரியுற டீசலோட சூட்டுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கைத் தண்ணிதான் வாங்கி வெளிய கொண்டுபோகுது. அதனால புது வண்டிக்காரன் சொல்ற "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது"ங்கிற பேச்சு உனக்குப் பொருந்தாது.

கழுவுறதுக்கு முன்னாடி

ஹீட் ஆகுதுன்னதும் எல்லாரும் ரேடியேட்டரைக் கழுவத்தான் சொல்லுவாங்க. நோய் வேற இடத்துல இருந்தா கழுவி என்ன பிரயோஜனம்? எப்போ ஹீட் ஆகுதுன்னு முதல்ல கவனி. நிறுத்தி வச்ச இடத்துல, கூட்டத்துல ஊர்ந்து போறப்போ மட்டும் ஏறி, ஓடினதும் இறங்குதுன்னா காத்து பத்தலைன்னு அர்த்தம். ஃபேன் பெல்ட், ஃபேன் இறக்கை, அதைச் சுத்தி இருக்கிற கூடு, இதைப் பாரு. பழைய ஜீப்ல அந்தக் கூட்டை யாரோ எப்பவோ வேலை பார்க்க இடைஞ்சலா இருக்குன்னு கழட்டி வீசியிருப்பாங்க. அது இல்லாட்டி ஃபேன் ரேடியேட்டர் வழியா காத்தை இழுக்காது, பக்கத்துல இருக்கிற சூட்டுக் காத்தையே சுத்திச் சுத்தி அடிக்கும். சமவெளில நல்லா ஓடி, மேட்டுல லோடோட ஏறுறப்போ மட்டும் முள்ளு ஏறுதுன்னா, டியூப் அடைப்பு.

அடுத்தது ஹெட் கேஸ்கெட். காலைல வண்டி ஆறியிருக்கிறப்போ ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வாய் வரைக்கும் தண்ணி நிரப்பி, ஸ்டார்ட் பண்ணு. ஆரம்பத்துல ரெண்டு மூணு குமிழி வந்தா அது உள்ள மாட்டின காத்து, விடு. ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க நிக்காம குமிழி வந்தா, சிலிண்டர் புகை தண்ணிக்குள்ள வருது. மூடியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணின ஒரு நிமிஷத்துலயே, தண்ணி இன்னும் பச்சைத்தண்ணியா இருக்கிறப்பவே, மேல் ஓஸ் கல்லு மாதிரி இறுகினாலும் அதே கதைதான். டிப் ஸ்டிக்ல ஆயில் பால் காபி நிறத்துல இருக்கான்னும் பாரு. இதுல ஒண்ணு இருந்தாலும் கழுவுற வேலையை மூட்டை கட்டிட்டு, ஹெட்டைக் கழட்டுற மெக்கானிக்கைப் பாரு.

வாட்டர் பம்ப் அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது பழுதுன்னு நினைச்சு எம்சீல் வச்சு அடைச்ச புத்திசாலிகள் உண்டு. உள்ள சீல் போனா தண்ணி பேரிங்குக்குப் போகாம வெளிய வரட்டும்னு கம்பெனியே வச்ச ஓட்டை அது. அங்க சொட்டினா பம்ப்புக்கு நாள் குறிச்சாச்சு. இன்ஜினை அணைச்சுட்டு ஃபேனைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிப் பாரு. கடகடன்னு ஆடினாலும் பேரிங் போச்சு.

எந்த நாள்ல செய்யணும்

இதைக் கேட்டா சிரிப்ப. ஆனா ஆடி 17, 18 கொல்லிமலை வல்வில் ஓரி விழாவுக்கு சவாரி இருக்குன்னு, முதல் நாள் ராத்திரி ஃப்ளஷ் பண்றவங்களை நான் பார்த்திருக்கேன். வேண்டாம். பழைய வண்டில சுண்ணாம்பே சில ஓட்டையை அடைச்சு வச்சிருக்கும். கழுவினதும் அடைப்பு கரைஞ்சு, அரிச்சுப் போன டியூப்பும், பிளாக் ஓட்டையில தட்டி வச்ச டம்மி மூடியும் ஒழுக ஆரம்பிக்கும். உடனே "கழுவித்தான் கெட்டுச்சு"ன்னு பழி நம்ம மேல வரும். ஓட்டை ஏற்கெனவே இருந்ததுதான், இப்போ தெரியுது. அதனால கழுவினதுக்கு அப்புறம் ரெண்டு மூணு நாள் பக்கத்துலயே ஓட்டி, கீழ சொட்டு விழுதான்னு பார்க்க நேரம் இருக்கிற வாரமாப் பார்த்து எடு. மலைக்கு லோடு ஏத்துறது அதுக்கு அப்புறம்.

கழுவுற வேலை

வண்டி முழுசா ஆறணும். கை வச்சா சுடாத அளவு இல்ல, ராத்திரி முழுக்க நின்ன அளவு. கீழ ஒரு பெரிய பேசின் வை. ரேடியேட்டர் அடியில இருக்கிற டிரெய்ன் டேப்பைத் திற. அது இறுகிப் போயிருந்தா முரட்டுத்தனமா திருகாத, ஒடிஞ்சு கையோட வரும். கீழ் ஓஸைக் கழட்டினாலும் வேலை நடக்கும்.

இத்தோட முடிஞ்சதுன்னு நினைக்கிறதுதான் பெரும்பாலானவங்க செய்யுறது. பாதித் தண்ணி இன்னும் பிளாக்குக்குள்ள நிக்கும். பிளாக்கோட பக்கவாட்டுல, கீழ, ஒரு டிரெய்ன் பிளக் இருக்கும். கிரீஸும் புழுதியும் மூடி அது இருக்கிறதே தெரியாது. அதைக் கழட்டினா பல வண்டில ஒரு சொட்டுக்கூட வராது. சேறு வாயை அடைச்சிருக்கும். ஒரு கட்டுக்கம்பியை உள்ள விட்டுக் குத்தி ஆட்டு, பழுப்பா கட்டி கட்டியா வந்து, அப்புறம் பாயும். முகத்தை நேராக் காட்டிக்கிட்டு நிக்காத.

வந்த தண்ணியை ஒரு லிட்டர் மக்கால அளந்துக்கோ. வண்டிக் கையேட்டுல எத்தனை லிட்டர் பிடிக்கும்னு போட்டிருக்கும். அதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தா மீதி எங்கயோ நிக்குது, இல்ல அந்த இடத்துல வண்டல் குடியிருக்கு.

அடுத்து தெர்மோஸ்டாட்டை வெளிய எடு. அது உட்கார்ந்திருந்த வீட்டை, அதாவது ஹவுசிங்கை, மூடிட்டு ஓஸையெல்லாம் மாட்டி, வெறும் தண்ணி நிரப்பி, கொஞ்ச நேரம் ஓட்டி, ஆறவிட்டு, இறக்கு. தெளிவா வர்ற வரைக்கும். இதுக்குப் போர் தண்ணியே போதும், கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணி. தோட்டத்து ஓஸ் பைப்பை ரேடியேட்டரோட கீழ் வாய்ல சொருகி மேல் வாய் வழியா வெளிய விட்டா இன்னும் நல்லது. வழக்கமா தண்ணி போற திசைக்கு எதிரா அடிக்கிறப்போ, டியூப் வாய்ல சிக்கின செதில் பின்னால தள்ளிக்கிட்டு வரும். பம்ப்பை முழு வேகத்துல போடாத, பழைய ஈயப் பத்து தாங்காது.

துருவும் சேறும் இப்படிப் போயிடும். சுண்ணாம்பு போகாது. அதுக்கு எலுமிச்சை உப்பு, மளிகைக் கடையிலயே கிடைக்கும், சிட்ரிக் ஆசிட்டுன்னும் கேட்கலாம். அதுக்கு முன்னாடி ஹெட்டுல ஒரு காந்தத்தை வச்சுப் பாரு. ஒட்டினா இரும்பு, ஒட்டலைன்னா அலுமினியம். தெர்மோஸ்டாட் வீடு, பம்ப் உடம்பு, இதையும் அப்படியே பாரு. எல்லாம் இரும்பா இருந்து, ரேடியேட்டர் தாமிரம், பித்தளையா இருந்தா, ஒரு லிட்டருக்கு 50 கிராம் கணக்கு. பத்து லிட்டர் பிடிக்கிற வண்டிக்கு அரைக் கிலோ. வெளிய பக்கெட்ல வெந்நீர்ல கரைச்சு, துணில வடிகட்டி ஊத்து. கரையாம கட்டியா போட்டா அது ஒரு மூலையில போய் உட்காரும். ஸ்டார்ட் பண்ணி, சூடு ஏறினதுக்கு அப்புறம் அரை மணி நேரம் ஐடில்ல ஓடட்டும். தெர்மோஸ்டாட் இல்லாததால சூடு சீக்கிரம் ஏறாது. ரேடியேட்டருக்கு முன்னாடி, கிரில் பக்கம், ஒரு அட்டையை வச்சு மறை. ஃபேன் பக்கம் எதையும் கொண்டுபோகாத, அட்டையையும் விரலையும் சேர்த்து எடுத்துக்கும். அலுமினியம் எங்க இருந்தாலும் பாதி அளவு, கால் மணி நேரம், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க ஊற விடுறேன்னு கிளம்பாத. எந்த ஆசிட்டும் சுண்ணாம்பைத் தின்னு முடிச்சதும் உலோகத்தைத் தின்ன ஆரம்பிக்கும்.

சூடு ஆறினதும் இறக்கி, வெறும் தண்ணியில ஒரு அலசு. அதுக்கு அப்புறம் ஒரு பக்கெட் தண்ணில ரெண்டு கைப்பிடி ஆப்ப சோடா கரைச்சு ஊத்தி, அஞ்சு பத்து நிமிஷம் ஓட்டி இறக்கு. உள்ள ஒட்டியிருக்கிற புளிப்பை அது முறிச்சுடும். ஆசிட் உள்ள இருக்கிறப்பவே சோடாவைக் கொட்டினா நுரை பொங்கி மேல அடிக்கும், வரிசையை மாத்தாத. பிறகு நல்ல தண்ணியில ரெண்டு தடவை.

ஒண்ணு சொல்லிடுறேன். பாத்ரூம் கழுவுற ஆசிட்டை ஊத்தச் சொல்லி யாராவது சொன்னா, அந்த ஆளோட பேச்சு வார்த்தையே வேண்டாம். சுண்ணாம்பு நொடியில போகும், உண்மைதான். கூடவே ஈயப் பத்தும், பம்ப் இறக்கையும் போகும்.

இதுக்கு அப்புறமும் மேட்டுல ஹீட் ஏறினா, ரேடியேட்டரைக் கழட்டி எடுத்துட்டு வா. மேல் டேங்கைப் பிரிச்சு ஒவ்வொரு டியூப்லயும் ராடு விட்டாத்தான் அந்த அடைப்பு போகும். இது பழைய தாமிர ரேடியேட்டருக்கு இருக்கிற பாக்கியம். அலுமினியக் கோர், பிளாஸ்டிக் டேங்க் போட்டு வர்றதுக்கு ராடு விட முடியாது, மாத்த வேண்டியதுதான். அதனால "அலுமினியம் போட்டுடலாம், லேசு"ன்னு யாராவது சொன்னா உன் தாமிரத்தை எடைக்குப் போட்டுடாத.

வெளிப்பக்கம் ஃபின்னுக்கு நடுவுல பூச்சி, வைக்கோல் தூசி, பஞ்சு அடைச்சிருக்கும். இன்ஜின் பக்கம் இருந்து முன்பக்கமா, மெதுவா தண்ணி விட்டுக் கழுவு. வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்ட வச்சு அடிச்சா ஃபின் எல்லாம் படுத்துடும், அப்புறம் காத்து நுழையாது.

தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறியாத

நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையில்லன்னு கழட்டி வீசுறது ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு. எனக்கு இதுல கோபமே வரும். மலை இறங்குறப்போ டீசல் கிட்டத்தட்ட எரியுறதே இல்ல, தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சில்லுன்னு ஆயிடும். குளிர்ந்த இன்ஜின்ல டீசல் முழுசா எரியாது, லைனர் சுவர்ல வழிஞ்சு ஆயில்ல கலக்கும், மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். இன்னொண்ணு கேளு. சில இன்ஜின்ல தெர்மோஸ்டாட் திறக்கிறப்பவே அடியில இருக்கிற தட்டு பைபாஸ் வழியை மூடும். அதைக் கழட்டிட்டா பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும், சூடான தண்ணில ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாம திரும்ப இன்ஜினுக்குள்ள ஓடும். ஹீட்டைக் குறைக்கக் கழட்டினவன் வண்டி மேட்டுல இன்னும் ஹீட் ஆகும்.

நல்லா இருக்கான்னு வீட்லயே பார்க்கலாம். தெர்மோஸ்டாட் மேல திறக்கிற சூடு அச்சடிச்சிருக்கும், 82ன்னு பல வண்டில இருக்கும். வால்வைக் கையால லேசா விரிச்சு, ஒரு நூலை அந்த வாய்ல சிக்க வை. நூலைப் பிடிச்சு ஒரு பழைய பாத்திரத்துத் தண்ணில, அடி தொடாம தொங்க விட்டு, பக்கத்துல தெர்மாமீட்டரை வச்சு அடுப்பை ஏத்து. திறக்கிற நொடியில நூலை விட்டுட்டு டொக்குன்னு அடியில விழும். அந்த நேரம் என்ன டிகிரின்னு பாரு. அச்சடிச்ச எண்ணுக்குப் பக்கத்துல விழுந்தா சரி. தண்ணி கொதிச்சும் விழலைன்னா புதுசு வாங்கு. அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காத. மாட்டுறப்போ அதுல சின்னதா ஆடுற வால்வு இருந்தா அது மேல் பக்கம் இருக்கணும், காத்து அது வழியாத்தான் வெளியேறும்.

கூலன்ட்

"இங்க பனியா பெய்யுது, ஐஸ் கட்டுமா?"ன்னு கேட்ப. உறையாம இருக்கிறது அதோட ஒரு வேலை. நமக்கு வேண்டியது மத்த வேலை. துருப் பிடிக்காம காக்கிற மருந்து அதுலதான் இருக்கு. சில பழைய டீசல்ல லைனர் நேராத் தண்ணியிலயே நிக்கும், வெட் லைனர்ம்பாங்க. அதுல ஒவ்வொரு வெடிப்புக்கும் லைனர் அதிர்ந்து, தண்ணிப்பக்கம் நுண்ணிய குமிழி உண்டாகி உடைஞ்சு உடைஞ்சு லைனரையே குழி குழியாத் தின்னும். வெறும் தண்ணி ஓட்டுறவங்க இதைப் பார்க்கிறது லைனர் ஓட்டையாகி ஆயில்ல தண்ணி வந்த பிறகுதான்.

நிறத்தைப் பார்த்து வாங்காத. பச்சை, சிவப்பு, ஆரஞ்சுன்னு ஒவ்வொரு கம்பெனியும் அதது இஷ்டத்துக்குக் கலர் போடுது. கேன்ல ஐ.எஸ். 5759, ஜே.ஐ.எஸ். கே 2234 மாதிரி தரக் குறியீடு இருக்கான்னு பாரு. ஈயப் பத்து வச்ச தாமிர ரேடியேட்டருக்கு ஏற்றதான்னும் கேளு. பழைய வகை கூலன்ட்டே உன் வண்டிக்குப் போதும். அதை ரெண்டு வருஷம் இல்ல 40,000 கிலோமீட்டர், எது முதல்ல வருதோ அப்போ மாத்தணும். வேற வகையோட கலக்காத, சில கலவை கூழாகும்.

கலந்து வர்றது, கலக்காம வர்றதுன்னு ரெண்டு உண்டு. கலக்காததை அப்படியே ஊத்தினா இன்னும் நல்லதுன்னு சில பேர் நினைக்கிறாங்க. சூட்டைத் தூக்கிட்டுப் போறதுல தண்ணியை மிஞ்சினது கிடையாது, தண்ணி கலந்தாத்தான் வேலை நடக்கும். கேன்ல போட்டிருக்கிற விகிதம், பொதுவா சரிபாதி. கலக்குற தண்ணிதான் இந்தக் கடிதமே எழுதக் காரணம். பேட்டரிக் கடையில கேன்ல கிடைக்கிற டிஸ்டில்ட் வாட்டர் வாங்கு. பேட்டரி தண்ணின்னு கேட்டா சில கடையில ஆசிட்டைத் தூக்கிக் கொடுத்துடுவாங்க, லேபிளைப் படிச்சுட்டு வாங்கு. அந்தத் தண்ணி கேன் விலைக்கும் ஒரு ஹெட் ஃபேஸிங் கூலிக்கும் எவ்வளவு தூரம்னு மாமாகிட்ட கேட்டுக்கோ.

நிரப்புறப்போ வண்டி மூக்கு மேட்டைப் பார்த்து நிக்கட்டும். ரேடியேட்டர் வாய்தான் உயரமான இடமா இருக்கணும், அப்பத்தான் காத்து அங்க ஏறி வரும். மெதுவா, நூல் மாதிரி ஊத்து. நடு நடுவுல மேல் ஓஸைப் பிசைஞ்சு விடு. தெர்மோஸ்டாட் வீட்டுக்குப் பக்கத்துல காத்து எடுக்கிற ஸ்க்ரூ இருந்தா அதைத் தளர்த்தி, குமிழி நின்னு தண்ணி மட்டும் வர்றப்போ இறுக்கு. மூடி போடாம ஐடில்ல ஓடவிட்டு, மேல் ஓஸ் திடீர்னு சூடாகுற வரைக்கும் காத்திரு. அப்போ தெர்மோஸ்டாட் திறந்தாச்சு, மட்டம் இறங்கும். நிரப்பி மூடு. ஏர் லாக்கை விட்டுட்டா கழுவினது எல்லாம் வீண். ஹெட்டுக்குள்ள காத்து நின்ன இடத்துல சூட்டை வாங்க ஆளே இருக்காது.

மூடி

அதைச் சாதாரண மூடின்னு நினைக்காத. கொல்லிமலைல செம்மேடு ஆயிரம் மீட்டருக்கு மேல இருக்கு. அந்த உயரத்துல திறந்த பாத்திரத்துல தண்ணி 97 டிகிரிக்குப் பக்கத்துலயே கொதிச்சிடும். மூடி அழுத்தத்தைப் பிடிச்சு வச்சாத்தான் கொதிநிலை ஏறும். 7 பி.எஸ்.ஐ. மூடி சமவெளியில வெறும் தண்ணியையே ஏறக்குறைய 111 டிகிரி வரைக்கும் கொதிக்க விடாது. உன் பழைய மூடில என்ன எண் அடிச்சிருக்கோ அதே வாங்கு. அதிகமா இருந்தா நல்லதுதானேன்னு புது கார் மூடியைப் போட்டா ஈயப் பத்து பிளக்கும்.

ரப்பர் வெடிச்சிருந்தா, ஸ்ப்ரிங் தொய்ஞ்சிருந்தா மாத்து. மூடிக்குள்ள நடுவுல இன்னொரு குட்டி வால்வு இருக்கும், நகத்தால இழுத்தா திறந்து விட்டதும் மூடணும். வண்டி ஆறுறப்போ தண்ணி சுருங்கும், அந்த வால்வு வழியாத்தான் உள்ள இழுத்துக்கும். அது ஒட்டிக்கிச்சுன்னா காலைல மேல் ஓஸ் சப்பையா அமுங்கிக் கிடக்கும். பழைய ஜீப்ல ஓவர்ஃப்ளோ குழாய் நேரா ரோட்டுல கொட்டும். அதை ஒரு பாட்டிலுக்குள்ள விட்டு, அதுக்கேத்த சீல் வச்ச மூடி போட்டா வெளிய போனது திரும்ப உள்ள வரும். உன் காலைச் சொம்புல பாதி இதுலயே நின்னுடும்னு நினைக்கிறேன்.

ஓஸ், கிளிப் பத்தி நீளமா சொல்ல ஒண்ணுமில்ல. ஆறினப்போ பிசைஞ்சு பாரு, நறநறன்னாலும் கொழகொழன்னாலும் மாத்து. கீழ் ஓஸுக்குள்ள ஸ்ப்ரிங் இருந்ததுன்னா புது ஓஸ்லயும் அது இருக்கணும். ஃபேன் பெல்ட்டை நடுவுல கட்டைவிரலால அமுக்கினா ஒரு சென்டிமீட்டர் சொச்சம் இறங்கினா போதும்.

70 வளைவு

அடிவாரத்துல காரவள்ளி தாண்டினதும் தெரியுமே, 70 கொண்டை ஊசி வளைவு. மூணாவது கியர்ல இழுத்து இழுத்து ஏத்தாத. ரெண்டாவதுல கொஞ்சம் ரேஸோட போனா பம்ப்பும் ஃபேனும் வேகமாச் சுத்தும், ஹீட் குறைவாத்தான் ஏறும். விழாக் கூட்டத்துல வண்டி வரிசையா நின்னா இடைவெளி விட்டு நில்லு. முன்னாடி லாரியோட சூட்டுப் புகையை உன் ரேடியேட்டர் குடிக்க வேண்டாம்.

முள்ளு ஏறினா ஓரம் கட்டு. தண்ணி உள்ள இருக்கிற வரைக்கும் இன்ஜினை உடனே அணைக்காத, ஐடிலைவிடக் கொஞ்சம் ரேஸ் கொடுத்து ஓட விடு. அணைச்சா பம்ப் நின்னு ஹெட்டுல இருக்கிற சூடு அங்கயே நின்னுடும். ஆவி பீறிட்டுத் தண்ணி வெளிய போயிடுச்சுன்னா மட்டும் உடனே அணை. ஏறியிருந்த முள்ளு திடீர்னு கீழ விழுந்தா நிம்மதியா மூச்சு விடாத. சென்சார் இருக்கிற இடத்துல தண்ணியே இல்லாம போனா மீட்டர் இறங்கித்தான் காட்டும். அதைப் பார்த்து "ஆறிடுச்சு"ன்னு ஓட்டினவங்க வண்டியெல்லாம் ஹெட்டோட வந்து நின்னிருக்கு.

மூடியைச் சூட்டுல திறக்காத. ஈரத்துணி வச்சு, ஒரு சுத்து மட்டும்னு எந்த வித்தையும் வேண்டாம். முகமும் கையும் வெந்து போனவங்களை எனக்குத் தெரியும். அரை மணி, முக்கால் மணி ஆகட்டும். அப்புறமும் பச்சைத்தண்ணியை ஒரே மூச்சுல கொட்டாத. ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல வச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா ஊத்து. வெளிய இன்ஜின் மேல ஊத்தவே கூடாது.

ஒழுகுனா மஞ்சள்தூள் போடுவாங்க, தெரியும். சின்னக் கசிவு நிக்கத்தான் செய்யுது. மலையில இருந்து கீழ வந்து சேர அது போதும். ஆனா அது ஓட்டைக்கு மட்டும் போய் உட்காராது, மிச்ச டியூப்லயும் படியும். ஆபத்துக்குப் போட்டா அந்த வாரமே கழுவிடணும். மஞ்சள்தூளையே மாசாமாசம் போட்டு ஓட்டுன ஒரு ரேடியேட்டரைப் பிரிச்சப்போ சாம்பார்க் கடை வாசம் வந்துச்சு, மாமா அன்னைக்கு மதியம் சாப்பிடல.

வண்டில எப்பவும் ரெண்டு கேன் கலந்த கூலன்ட், ஒரு ஃபேன் பெல்ட், ரெண்டு ஓஸ் கிளிப், ஸ்க்ரூ டிரைவர் இருக்கட்டும். கூலன்ட் கேனைக் குடிதண்ணி கேனோட வைக்காத. அது இனிப்பா இருக்கும், விஷம். பிள்ளைங்களும் நாயும் நக்கிடும், சிறுநீரகம் போயிடும். யாராவது குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்கிறேன்னு நேரத்தை ஓட்டாம, அந்தக் கேனோட ஆஸ்பத்திரிக்கு ஓடு. இறக்கின பழைய கூலன்ட்டை வாய்க்கால்லயும் தென்னங்குழியிலயும் ஊத்தாத. மூடி இறுக்கின கேன்ல கொண்டு வா, இங்க கழிவு ஆயில் எடுக்கிறவங்ககிட்ட சேர்த்து விட்டுக்கலாம்.

கடைசியா, மாத்தின தேதியையும் கிலோமீட்டரையும் வெள்ளை பெயின்ட்ல ரேடியேட்டர் மேல் டேங்க்லயே எழுதிடு. நோட்டுப் புக்கு தொலைஞ்சிடும். ஞாயித்துக்கிழமை பட்டறை லீவு, மாமா சும்மாதான் இருப்பார். சனிக்கிழமை சாயந்திரமே ஜீப்பைக் கொண்டு வந்து ஷெட்டுல விட்டுட்டு சாப்பிட்டுத் தூங்கு, ராத்திரி முழுக்க ஆறட்டும். டிஸ்டில்ட் வாட்டர் நான் வாங்கி வச்சுடுறேன். காந்தமும் இங்க இருக்கு. எலுமிச்சை உப்பு மட்டும் வர்ற வழியில வாங்கிக்கிட்டு வா.